அப்பா பேரும் அமெரிக்க விசாவும்

கல்யாணச் சான்றிதழில் என் மனைவிக்கு இனிஷியல் போட்டுவிட்டார்கள்.

அவள் பிறந்தது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு பால் பண்ணையில். அவளுக்கு முன்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று உண்டு. இனிஷியல் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் 'தந்தை பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. டைப் செய்தவர் கைப்பழக்கத்தில் அவள் அப்பா பேரின் முதல் எழுத்தை எடுத்து அவள் பேருக்கு முன்னால் ஒட்டி, நடுப்பெயரைத் தூக்கிவிட்டார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இத்தனைக்கும் எனக்கு வேலை சிவகாசியில், காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில். நாள் முழுக்க ப்ரூஃப் பார்க்கிறவன். அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். சொந்தக் கல்யாணத்தில் மூன்று சாட்சிகளும் வெளியே வெயிலில் நிற்கிறார்களே என்ற அவசரத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, என்னைக் கணவனாக அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ளப் போட வேண்டிய ஐ-130 மனுவை நிரப்பும்போதுதான் அவள் கேட்டாள்: "இது யாரு? நீ யாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டே?"

திருத்தத்துக்கு மனு, பாஸ்போர்ட் நகல், நாலைந்து நடை, ஐந்து வாரம். வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பதிவு அலுவலகத்துக்கு இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டுபோய், பிரிண்ட் எடுக்கும் முன் திரையில் எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். வரிசை நீண்டாலும், பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் சரி. அடுத்த இரண்டு ஆண்டு எந்த மேசைக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்த ஒரு தாளைத்தான்.

அவள் 2018-ல் தமிழ் படிக்க மதுரைக்கு வந்தவள். தினசரிக் காலண்டர் எப்படித் தயாராகிறது என்று பார்க்க ஒருநாள் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தாள். ராகுகாலம், எமகண்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினாள். மற்றது எங்கள் சொந்த விஷயம். நடுவில் கொரோனா வந்து இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியது. 2021 நவம்பரில் இந்தியா சுற்றுலா விசாக்காரர்களை மறுபடி அனுமதித்ததும் வந்து இறங்கினாள்.

கோயிலில் தாலி கட்டி, அந்த ரசீதை வைத்துப் பதிந்துவிடலாம் என்று மாமா ஒருவர் சொன்னார். இந்துத் திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் செல்லும். எங்களுக்கு 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து, அது பலகையில் 30 நாள் தொங்கி, யாரும் ஆட்சேபிக்காமல் இருந்தால் மூன்று சாட்சிகளோடு கல்யாணம். நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். தான் மணமாகாதவள் என்று அவள் ஒரு உறுதிமொழிப் பத்திரமும் தர வேண்டியிருந்தது. அதற்குச் சென்னை ஜெமினி பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி, முத்திரைக்கு 50 டாலர் கட்டினோம். 2022 பிப்ரவரி 10, தை முடிவதற்குள் கல்யாணம்.

அமெரிக்கக் குடிமக்கள் தங்கள் துணையை அழைத்துக்கொள்ள இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கே-1. கல்யாணத்துக்கு முன்பே நிச்சயித்தவராகப் போய், இறங்கிய 90 நாளில் அங்கே மணமுடிப்பது. அப்புறம் அங்கிருந்தே, நிரந்தரமாகத் தங்க உதவும் பச்சை அட்டைக்கு (கிரீன் கார்டு) தனியாக மனுப் போட்டு, தனியாகப் பணம் கட்டி, வேலை அனுமதி வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொன்று இங்கே கல்யாணத்தை முடித்துவிட்டுத் துணை விசாவில் போவது. இதில் காத்திருப்பு இந்தப் பக்கம். இறங்கிய நாளிலிருந்தே வேலைக்குப் போகலாம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். கணக்குப் பார்த்ததும் காரணம்தான். ஆனால் 'கல்யாணம் ஆகாமலே கூட்டிட்டுப் போறாளாம்' என்ற பேச்சை எங்கள் தெருவில் அம்மா எப்படிச் சமாளிப்பாள் என்பதும் ஒரு காரணம்.

ஐ-130-ஐ அவள்தான் இணையத்தில் போட்டாள். அப்போது கட்டணம் 535 டாலர். 2024 ஏப்ரலில் இணையத்துக்கு 625, தாளுக்கு 675 என்று கூட்டிவிட்டார்கள். பாரம் கஷ்டமில்லை. கல்யாணம் உண்மையானது என்பதற்கு ஆதாரம் சேர்ப்பதுதான் வேலை. நம் ஊர் ஆட்கள் 300 போட்டோ வைத்திருப்பார்கள், எல்லாம் ஒரே நாளில், ஒரே மேடையில், ஒரே பட்டுச்சேலையில். அதில் பயனில்லை. நாங்கள் கல்யாணத்துக்கு ஆறு படம், 2018-லிருந்து ஆண்டுக்கு நாலு படம் என்று எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், உடன் இருப்பவர் யார் என்று எழுதினோம். அவள் வந்துபோன விமான டிக்கெட்டுகள், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்கள், என் பி.எஃப். கணக்கில் அவளை நாமினியாகப் போட்ட தாள் எல்லாம் சேர்த்தோம்.

வாட்ஸ்அப் உரையாடலும் கொஞ்சம் வைத்தோம். அங்கே ஒரு வேடிக்கை. அவளுக்குத் தமிழ் எழுத்துப் பழக வேண்டும் என்பதற்காக நாங்கள் தமிழில்தான் எழுதிக்கொள்வோம். ஆங்கிலத்தில் இல்லாத ஆதாரம் எதுவானாலும் மொழிபெயர்ப்பும், இரண்டு மொழியும் எனக்குத் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் எழுதித் தரும் உறுதிமொழியும் வேண்டும். எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த சாரிடம் எட்டுப் பக்கம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர், "ஏன்டா, எட்டுப் பக்கத்துலயும் 'சாப்டியா, சாப்டேன்' தவிர ஒண்ணும் இல்லையேடா" என்றார். இருக்கட்டும் சார், போடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

2022 மே மாதம் போட்ட மனு 2023 ஜூனில் ஒப்புதலானது. நடுவில் 13 மாதம். அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் 2023-ம் ஆண்டுக் காலண்டரை 2022-லேயே ப்ரூஃப் பார்த்து முடிக்கும் வேலை. ஒவ்வொரு தாளாகத் திருப்பும்போது 'இந்தத் தேதியில் நான் எங்கே இருப்பேன்' என்று நினைப்பு ஓடும்.

போவது பெண்ணாக இருந்தால் ஊர் பரிதாபப்படும். ஆண் போனால் கிண்டல். "என்ன மாப்ளே, வீட்டோட மாப்பிள்ளையா? அங்க மாடு கறக்கணுமாமே?" என்று டீக்கடையில் ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள். அதைவிட மோசம் ஆலோசனை சொல்கிறவர்கள். "டூரிஸ்ட் விசால போயி அங்கேயே மாத்திக்க வேண்டியதுதானே" என்று மூன்று பேராவது சொல்லியிருப்பார்கள். தங்கிவிடும் எண்ணத்தை மறைத்துப் பார்வையாளர் விசா வாங்குவது பொய் சொல்லி விசா வாங்கியதாக ஆகும். அது நிரூபணமானால் வாழ்நாளுக்கும் நுழையத் தடை விழலாம். விதிவிலக்கு கேட்டுத் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். இன்னும் சில மாதம் பொறுத்தால் நேராகப் போகிற இடத்துக்கு இப்படிச் சந்து வழியில் போகக் கூடாது.

ஆனால் உண்மையைச் சொல்லியே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். 2022 கடைசியில் அவளுடைய பாட்டி இறந்துபோனார். பத்து நாள் போய்வரப் பார்வையாளர் விசாவுக்கு நேரம் வாங்கினேன். மனு நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். இரண்டு நிமிடத்தில் மறுத்துவிட்டார்கள். திரும்பி வருவேன் என்று நான்தான் நிரூபிக்க வேண்டும், குடியேற மனுப் போட்டவன் எப்படி நிரூபிப்பது? சட்டப்படி அவர்கள் செய்தது சரி. அடக்கத்தை அவள் போனில் காட்டினாள், பனியில் கைகள் நடுங்கப் படமும் நடுங்கியது. மறுப்பு நம் கணக்கில் நிற்கும், பின்னால் நிரப்பும் டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னேன். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஒப்புதலுக்குப் பிறகு கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகிறது. பிஎம்பி என்று தொடங்கும் ஒரு எண் வந்தது. பம்பாயின் சுருக்கம் அது. ஊர் பேர் மாறி எத்தனையோ ஆண்டாகியும் அவர்கள் கணக்கில் மாறவில்லை. விசாவுக்கு 325 டாலர், ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர் கட்டினோம்.

அந்த ஆதரவுப் பத்திரம், ஐ-864, வருகிறவரைத் தாங்கத் தன்னிடம் வருமானம் இருக்கிறது என்று அழைப்பவர் தரும் உறுதி. அது எங்களை உட்கார வைத்துவிட்டது. அழைப்பவரின் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2023 கணக்குப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு 24,650 டாலர். அவள் மேடிசனில் ஆராய்ச்சி மாணவி, உதவித்தொகை அதைத் தொடவில்லை. மாமனாரிடம் நிலமும் மாடுகளும் இருக்கின்றன. ஆனால் வரித்தாளில் விவசாயி வருமானம் எங்கும் ஒரே லட்சணம்தான் போலிருக்கிறது. தீவனச் செலவும் டிராக்டர் கடனும் போக மிஞ்சியது சொற்பம். கடைசியில் மாமியாரின் தங்கை, நர்ஸாக இருப்பவர், கூட்டு ஜாமீன்தாரராக வர ஒப்புக்கொண்டார்.

நம் ஊரில் ஜாமீன் கையெழுத்து என்றால் மாமா முகத்துக்காகப் போடுவது. இந்தச் சித்தி விளக்கக் குறிப்பை முழுக்கப் படித்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டார். மேசையில் தாள்கள், கையில் மஞ்சள் பேனா. இந்தக் கையெழுத்து நான் குடியுரிமை வாங்கும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்குச் சேரும்வரை செல்லும். நாளைக்கு நாங்கள் விவாகரத்துச் செய்தால்கூட முடியாது என்பதை அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். "வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். பிரஸ் வேலை தெரியும், கிடைக்காவிட்டால் பண்ணையில் மாடு பார்ப்பேன் என்றேன். டீக்கடைக் கிண்டல் இப்படிப் பயன்பட்டது. கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்த விசாரிப்பு பிடித்திருந்தது. கேட்காமல் போட்டிருந்தால்தான் பயந்திருப்பேன்.

அப்படியும் கோப்பு ஒருமுறை திரும்பியது. அவர் வரித்தாளை அனுப்பினார், குடிமகள் என்பதற்கான பாஸ்போர்ட் நகலை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. பல வாரம் போயிற்று. அழைப்பவரே ஜாமீன்தாரர் என்றால் இது ஏற்கெனவே கோப்பில் இருக்கும், கூட்டு ஜாமீன்தாரருக்குத் தனியாக வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கூட்டு ஜாமீன் இருந்தாலும் மனுப் போட்டவர் தன் ஐ-864-ஐத் தந்தே ஆக வேண்டும், அவர் அமெரிக்காவில் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும். இங்கேயே என்னோடு தங்கிவிடலாம் என்று அவள் நினைத்தபோது நாங்கள் பின்வாங்கியது இதனால்தான்.

என் பக்கத் தாள்களுக்கு வருகிறேன். என் பிறப்புச் சான்றிதழில் பேர் இல்லை. 'ஆண்' என்று மட்டும் இருந்தது. பதிந்து 15 ஆண்டுக்குள் பேர் சேர்க்க வேண்டும் என்பது விதி. பழைய பிறப்புகளுக்காக அரசு காலக்கெடுவை அவ்வப்போது நீட்டித்ததால், பள்ளிச் சான்றிதழைக் காட்டி நானும் சேர்த்துவிட்டேன். அடுத்த சிக்கல், அப்பா பேர். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, என் பாஸ்போர்ட்டில் வேறு. பள்ளியில் வெறும் 'எஸ்.' பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பேரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டிருக்கிறேன். நம்மில் பெரும்பாலோருக்கு இதே கதைதான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பெற்றவர்கள் ஒரு உறுதிமொழிப் பத்திரம் தந்தால் நல்லது என்றார்கள். அப்பா இல்லை, அம்மாதான் தர வேண்டும்.

நோட்டரி வக்கீலிடம் அம்மாவைக் கூட்டிப்போனேன். "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்றார் வக்கீல். அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து மேசையில் வைத்து, அப்பா பேர் மேல் விரலை வைத்தாள். "வாயால சொல்லுங்கம்மா, ரெண்டு ஸ்பெல்லிங் இருக்குல்ல" என்றார் அவர். அம்மா விரலை எடுக்கவில்லை. "இதாங்கய்யா. நீங்களே எழுதிக்கங்க."

என் மனைவி வந்த புதிதில் என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டதைக் கேட்டு அம்மா, "என்ன தாயி, கட்டுனவனைப் போயி" என்று பதறியதும், "அத்தை, நீங்க மாமா பேரை ஒருதடவைகூடச் சொன்னதே இல்லையா?" என்று அவள் திருப்பிக் கேட்டதும் நினைவுக்கு வந்தது. அன்று அம்மா பதில் சொல்லவில்லை.

2014 வாக்கில் சிங்கப்பூரில் ஒரு அச்சகத்தில் 14 மாதம் இருந்தேன். ஓராண்டோ அதற்கு மேலோ இருந்த நாடு என்றால் அங்கிருந்தும் போலீஸ் சான்று வேண்டும். இந்தியச் சான்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் சுலபமாகக் கிடைத்துவிட்டது. சிங்கப்பூருக்குப் பத்து விரல் ரேகையும் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு எங்கள் ஊர் ஸ்டேஷன். ரைட்டர் நல்ல மனிதர், ஆனால் ரேகை கொடுக்கத் தானாக வந்து நிற்கிறவனை அவர் பார்த்ததில்லை. "எந்த கேஸு?" என்றார். விசா என்றேன். "விசா மோசடியா?" என்றார். விளக்கி முடிக்க அரைமணி நேரம். கட்டைவிரலில் மை காயும் முன்பே தெருவில் செய்தி பரவிவிட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் அந்த ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே இந்தச் சான்றை வாங்கிவிடலாம்.

நேர்காணல் 2024 ஜனவரி 17 என்று வந்தது, பொங்கல் முடிந்த கையோடு. இந்த வகை விசாவுக்குத் தமிழ்நாட்டுக்காரரும் மும்பைக்குத்தான் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனையை அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். மார்பு எக்ஸ்ரே, ரத்தம், தடுப்பூசிகள். அப்போது கொரோனா ஊசியும் கட்டாயம், 2025-ல் எடுத்துவிட்டார்கள். சின்னம்மை வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அம்மாவுக்குப் போன் போட்டேன். "மூணாங் கிளாஸ்ல ஆத்தா வந்து இறங்குனா, மூணு தண்ணி ஊத்துனோம்" என்றாள். டாக்டர் 'வந்திருக்கிறது' என்று எழுதிக்கொண்டார், ஒரு ஊசிக் காசு மிச்சம்.

மும்பையில் முதல் நாள் விரல் ரேகை, அப்புறம் பாந்த்ரா குர்லா வளாகத்தில் துணைத் தூதரகம். மூன்று மணி நேரம் காத்திருப்பு, ஆறு நிமிடம் பேச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி வலது கையைத் தூக்கச் சொன்னார். எங்கே சந்தித்தீர்கள், கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து யார் வந்தார்கள் என்று கேட்டார். கொரோனாவால் யாரும் வரவில்லை, போனில் பார்த்தார்கள் என்றேன். மனைவி தமிழ் பேசுவாரா என்றார். என் அம்மாவோடு சண்டை போடும் அளவுக்குப் பேசுவாள் என்றேன். சிரிக்காமல் அதையும் டைப் செய்துகொண்டார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

விசா கைக்கு வந்தபோது ஜனவரி கடைசி. அதில் சிஆர்1 என்று இருந்தது. கல்யாணமாகி இரண்டு ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் நுழைந்தால் இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை அட்டைதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளில், நிபந்தனையை நீக்க ஐ-751 என்று இன்னொரு மனு, இன்னொரு கட்டணம், இன்னொரு மூட்டை ஆதாரம். இரண்டு ஆண்டு தாண்டி நுழைந்தால் ஐஆர்1, நேராகப் பத்தாண்டு அட்டை. பார்ப்பது நேர்காணல் தேதியை இல்லை, உள்ளே நுழையும் தேதியை. எங்களுக்குப் பிப்ரவரி 10 வர இரண்டு வாரம்கூட இல்லை. விசாவும் ஜூலை வரை செல்லும்.

இதை அவளிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டு வருஷம் போதாதா உனக்கு?" என்றாள். மறுநாள் அவளே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சரி, 20-ம் தேதி டிக்கெட் எடு என்றாள். இரண்டாவது கல்யாண நாளும் வீடியோவில் போயிற்று. 220 டாலர் குடியேற்றக் கட்டணத்தையும் அந்த இடைவெளியில் இணையத்தில் கட்டினோம், பறப்பதற்கு முன் கட்டினால் அட்டை சீக்கிரம் வரும்.

சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் அதிகாரி சிஆர்1 என்றே முத்திரை போடப் போனார். திருத்திய கல்யாணச் சான்றிதழைக் கைப்பையில் மேலாக வைத்திருந்தேன். இரண்டு ஆண்டு தாண்டிவிட்டது, ஐஆர்1 ஆக வேண்டும் என்று சொல்லி நீட்டினேன். தேதியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், ஐஆர்1 என்று எழுதினார். நாம் சொல்லாவிட்டால் அவராகக் கவனிப்பார் என்று நம்பக் கூடாது. பின்னால் திருத்துவது பெரிய வேலை. பாஸ்போர்ட்டை நீட்டும்போது அவர் என்னை 'மிஸ்டர்' போட்டு அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது மேடிசனில் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பேர்தான். அம்மாவிடம் சொன்னேன், இங்கே எல்லாரும் என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று.

"எல்லாருமா?"

"எல்லாரும்தாம்மா."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவளும் கூப்பிடுறாளா?" என்றாள். இல்லை, அவள் நீ, வா, போதான் என்றேன்.

"ம், அப்படியே கூப்பிடட்டும்" என்றாள்.